ஊர்க் கோஷ்டிக்கும் ஒரு நாட்டுக் கோப்பை

பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி. கோவில் திருவிழா வந்தால் இன்னொரு போட்டி. அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்தி, நான்கு மூங்கிலை நட்டு, கோல் கம்பம் ஆக்கிவிடுவார்கள். ஒலிபெருக்கி அலறும். ஊரே கூடி நிற்கும். ஜெயித்த வாலிபர்கள் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள்.

மறுநாள் அந்தக் கோப்பை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஏறிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது. அடுத்த பொங்கல் வரையில் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு கோப்பை இவ்வளவு தூரம்தான் போக வேண்டுமா? ஊர் எல்லையோடு அது நின்றுவிட வேண்டுமா?

எலவனாசூர்கோட்டையை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை தாலுகாவில் இருக்கும் ஊர். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயரிலேயே கோட்டை இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பழைய சிவன் கோவில் இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஊர்.

அந்த ஊர் வாலிபர்கள் பதினொரு பேர் நன்றாகக் கால்பந்து ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர்க் கோஷ்டியை அவர்கள் தோற்கடித்துவிட்டார்கள். அதற்கு மேல் எங்கே போவது? கள்ளக்குறிச்சிக்கு எப்படிப் போவது? சென்னைக்கு எப்படிப் போவது? டில்லிக்கு?

கெட்டிக்காரப் பையன் ஒருவன் தனியாகப் போகலாம். அதற்கு வழி உண்டு. ஆனால், ஊர்க் கோஷ்டி தன் ஊர்ப் பெயரோடு படிப்படியாக ஏறி, நாட்டுக் கோப்பை வரை போவதற்கு இந்தியாவில் ஏணி இல்லை.

இத்தாலியில் அந்த ஏணி இருக்கிறது.

தோற்றால் வெளியே, ஜெயித்தால் மேலே

கால்பந்துப் போட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லீக். எல்லாக் கோஷ்டிகளும் ஒன்றோடு ஒன்று ஆடும். புள்ளிகளைக் கூட்டி, முதலிடம் யாருக்கு என்று சொல்வார்கள். இதற்குப் பல மாதம் ஆகும். பணமும் நிறைய வேண்டும்.

மற்றொன்று, நாக்-அவுட். தோற்றால் வெளியே, ஜெயித்தால் மேலே. கணக்கு மிகவும் சுலபம். 64 கோஷ்டிகள் இருந்தால் முதல் சுற்றில் 32 போய்விடும். அடுத்த சுற்றில் 16 மிஞ்சும். பிறகு 8, பிறகு 4, பிறகு 2. ஆறு பந்தயங்களில் ஜெயிக்கும் கோஷ்டிக்குக் கோப்பை. மொத்தம் நடப்பது 63 பந்தயங்கள்தான். ஏனென்றால், ஒவ்வொரு பந்தயமும் ஒரு கோஷ்டியை வெளியே அனுப்புகிறது. 63 கோஷ்டிகள் வெளியே போனால் மிஞ்சுவது ஒன்று.

ஏழை நாட்டுக்கும் ஏழைக் கோஷ்டிக்கும் ஏற்ற போட்டி இது. ஒரே நாளில் பெரிய கோஷ்டியைச் சின்னக் கோஷ்டி கவிழ்த்துவிடலாம். லீகில் அப்படிக் கவிழ்ப்பது கஷ்டம்.

இத்தாலியில் நடப்பது என்ன?

இத்தாலி என்றதும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் ஒரு சிலரே. ஆட்டத்தை முழு நேரப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் அங்கே ஏராளம். இவர்களை அமெச்சூர்கள் என்பார்கள். பகலில் வேறு வேலை. மாலையில் பயிற்சி. விடுமுறை நாளில் பந்தயம். இவர்களுடைய கிளப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை நடத்துவதற்கென்றே 1959-ல் தேசிய அமெச்சூர் லீக் ஏற்பட்டது.

அந்த அமெச்சூர் கிளப்புகளுக்கென்று 1966-ல் ஒரு நாக்-அவுட் கோப்பை தொடங்கினார்கள். அமெச்சூர்களின் இத்தாலியக் கோப்பை என்று அதற்குப் பெயர்.

அது நடக்கும் விதம் கவனிக்கத் தக்கது. இத்தாலியில் 20 மண்டலங்கள் இருக்கின்றன. முதலில் அந்தந்த மண்டலத்துக்குள்ளேயே போட்டி நடக்கும். வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க்காரன்தான் எதிரி. இப்படி ஜெயித்து வரும் மண்டலச் சாம்பியன்கள் மட்டும் தேசியச் சுற்றில் மோதுவார்கள்.

தேசியச் சுற்றின் தொடக்கத்தில், சில இடங்களில் மூன்று மூன்று கோஷ்டிகளைச் சேர்த்து ஆடவிடுவார்கள். மற்ற இடங்களில் இரண்டு கோஷ்டிகள் இரண்டு முறை மோதும். இன்று உன் ஊரில், அடுத்த முறை என் ஊரில். ஆகவே, தூர ஊரிலிருந்து வரும் கோஷ்டியின் ஆட்டத்தை உள்ளூர் ஜனங்களும் பார்க்கலாம். இறுதிப் பந்தயம் மட்டும் ஒரே பந்தயம். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில் அது நடக்கும்.

பரிசு என்ன? கோப்பை மட்டும் இல்லை. இத்தாலியக் கால்பந்தில் மேலிருந்து நான்காவது படிக்கு சீரி-டி என்று பெயர். ஐந்தாவது படியில் இருக்கும் கிளப்புகள்தான் இப்போது இந்தக் கோப்பைக்காக ஆடுகின்றன. கோப்பையை ஜெயிக்கும் கிளப் நான்காவது படிக்கு ஏறும். லீகில் முதலிடம் பெற்று அந்த கிளப் ஏற்கெனவே ஏறியிருந்தால், இறுதிப் பந்தயத்தில் தோற்ற கிளப்புக்கு அந்த இடம் போகும்.

பணம் செலவாகிவிடும். ஏறிய படி நிற்கும். இத்தாலிக்காரர்கள் பரிசாகக் கொடுப்பது படியை.

வலை கிழிந்த கதை

சின்ன ஊர் பெரிய பெயர் வாங்கியது இத்தாலியில் புதிதல்ல.

1922-ம் ஆண்டு. இத்தாலியக் கோப்பைப் போட்டி முதன்முதலாக நடந்தது. பெரிய கிளப்புகளுக்கும் கால்பந்துச் சங்கத்துக்கும் அப்போது தகராறு. பெரியவர்கள் தனியாகப் பிரிந்து போய்விட்டார்கள். சின்ன ஊர்க் கோஷ்டிகள் களத்தில் இறங்கின.

அவற்றில் ஒன்று வாடோ. கடற்கரை ஓரத்துச் சிற்றூர். 1913-ல் ஏற்பட்ட கிளப். அது இறுதிப் பந்தயம் வரை வந்துவிட்டது. எதிரே உடினீசே என்ற கோஷ்டி. ஆட்ட நேரம் முடிந்தது. யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது லெவ்ராட்டோ என்ற பையன் பந்தை ஓங்கி உதைத்தான். அவனுக்கு வயது 17. பந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது என்று சொல்வார்கள். 1-0. கோப்பை வாடோவுக்கு!

அதன் பிறகு லெவ்ராட்டோவுக்கு “வலைகிழிப்பவன்” என்றே பட்டப் பெயர் வந்துவிட்டது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கிய இத்தாலியக் கோஷ்டியில் அவரும் இருந்தார்.

வாடோ கிளப் சீரி-ஏ என்ற முதல் வரிசை லீகில் ஒருநாளும் ஆடியதில்லை. ஆனால், இத்தாலியக் கோப்பையை ஜெயித்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் அதுதான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதை யாரும் அழிக்க முடியவில்லை.

பிரான்சிலும் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. அந்த நாட்டுக் கோப்பைப் போட்டியில் சிற்றூர் கிளப்பும் சேரலாம், பெரிய கிளப்பும் சேரலாம். 2000-ம் ஆண்டில் கலே என்ற துறைமுக ஊரின் அமெச்சூர் கோஷ்டி பெரிய பெரிய கிளப்புகளை வரிசையாகத் தோற்கடித்தது. இறுதிப் பந்தயத்துக்கே வந்துவிட்டது. எதிரே நாந்த் என்ற பெரிய கிளப். கலே முதல் கோலைப் போட்டது. கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியில்தான் நாந்த் 2-1 என்று ஜெயித்தது.

நாந்த் தலைவர் அப்போது ஒரு காரியம் செய்தார். தோற்ற கலே தலைவரைத் தன்னோடு அழைத்துப் போனார். இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். சின்னவனுக்குப் பெரியவன் செய்த மரியாதை அது.

இந்தியாவுக்கும் இது தெரியும்

இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கவேண்டாம். இந்தியாவிலும் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன.

1911, ஜூலை 29. கல்கத்தா மைதானம். ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதிப் பந்தயம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளம். மறு பக்கம் மோகன் பகான் கிளப். பட்டாளத்தாரின் காலில் பூட்ஸ். மோகன் பகான்காரர்களில் பத்துப் பேருக்கு வெறுங்கால். பூட்ஸ் போட்டவர் ஒருவர்தான். அவர் சுதிர் சாட்டர்ஜி என்ற கிறிஸ்தவர். மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. அதுவும் நாக்-அவுட் போட்டிதான். லீகாக இருந்திருந்தால் அந்த ஒரு நாள் இவ்வளவு பெரிய நாளாகி இருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. டூராண்டு கோப்பை 1888-ல் சிம்லாவில் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளில் அது ஒன்று. நீலகிரியில் வெல்லிங்டன் என்ற இடத்தில் மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது. அந்த மையத்துச் சிப்பாய்களின் கோஷ்டி 1955-லும் 1958-லும் டூராண்டு கோப்பையை ஜெயித்தது. காலையில் கவாத்து, மாலையில் பந்து. அந்தக் கோஷ்டியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் கோஷ்டிகளிலும் அவர் இடம் பெற்றார். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வாங்கிய கோஷ்டியிலும் இருந்தார்.

1977-ல் பெடரேஷன் கோப்பை தொடங்கியது. இந்தியாவின் சிறந்த கிளப்புகள் ஆடிய நாக்-அவுட் போட்டி. முதல் ஆண்டே கோப்பையை யார் வாங்கினார்கள் தெரியுமா? பெங்களூர் டெலிபோன் தொழிற்சாலையான ஐ.டி.ஐ.யின் கோஷ்டி! இறுதிப் பந்தயத்தில் அவர்கள் மோகன் பகானையே தோற்கடித்தார்கள்.

வெறுங்கால்காரர்கள், சிப்பாய்கள், தொழிற்சாலைக்காரர்கள். இவர்களால் முடிந்தது. காரணம், அவர்கள் கோஷ்டியாக உள்ளே நுழைய ஒரு கதவு இருந்தது.

இப்போது கதவு எங்கே?

இன்றைய நிலை என்ன? டூராண்டு கோப்பை இன்றும் நடக்கிறது. ஆனால், பெரிய கிளப்புகளும் பட்டாளக் கோஷ்டிகளும் அழைப்பின் பேரில் வந்து ஆடும் போட்டி அது. ஊர்க் கோஷ்டி அங்கே போய்க் கதவைத் தட்ட முடியாது.

1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை இருக்கிறது. அது மாநிலத்துக்கு மாநிலம் மோதும் போட்டி. ஆட்டக்காரனைப் பொறுக்கி எடுப்பார்கள். ஊர்க் கோஷ்டிக்கு அங்கே இடமில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை பள்ளிகளுக்கானது. தமிழ்நாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி விளையாட்டுகள் படிப்படியாக நடக்கின்றன. எலவனாசூர்கோட்டைப் பையன் பள்ளியில் படிக்கும் வரை ஏறுவதற்குப் படி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அந்தப் படிக்கட்டு மறைந்துவிடுகிறது.

முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லாருக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2024-ல் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால், அது ஊர் கிளப்புகளுக்கென்று வைத்த போட்டி அல்ல.

பதிவு செய்த கிளப்புகளுக்கு லீக் உண்டு. மாநில லீகில் சிறந்து விளங்கினால் தேசிய லீகின் கீழ்ப்படிக்கும் போகலாம். ஆனால், மாதக் கணக்கில் ஆட வேண்டும். சீருடை, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பதினொரு பேரால் அது முடியுமா?

2024-ல் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஆகவே பந்துக்குப் பஞ்சம் இல்லை. ஆட வாலிபர்களும் இருக்கிறார்கள். வராதது பந்தயம்தான்.

தெருவா, ஊரா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. விளையாட்டை விடப் பெரிய விஷயம் அது.

ஊருக்குள்ளேயே முடிந்துபோகும் கோப்பை என்ன செய்கிறது? தெருவுக்கு ஒரு கோஷ்டியை உண்டாக்குகிறது. மேலத் தெருவுக்கு ஒன்று. கீழத் தெருவுக்கு ஒன்று. காலனிக்கு ஒன்று. பள்ளிவாசல் தெருவுக்கு ஒன்று. தெருவுக்கு ஒரு ஜாதி என்று இருக்கும் ஊரில், ஜாதிக்கு ஒரு கோஷ்டி என்று ஆகிவிடுகிறது. பந்து ஓரத்துக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதில் தொடங்கும் தகராறு, ராத்திரி தெருச் சண்டையாகிவிடும். பிறகு போலீஸ், வழக்கு, வாய்தா. விளையாட்டு ஊரைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடுகிறது.

அதே ஊருக்கு மேலே ஒரு படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரே ஒரு கோஷ்டிதான், அது தாலுகாவுக்குப் போகவேண்டும் என்று விதி இருக்கட்டும். அப்போது என்ன ஆகும்?

மேலத் தெருவில் நன்றாக உதைக்கிறவன் இருக்கிறான். கோல் காக்கிறவன் இல்லை. அவன் காலனியில் இருக்கிறான். காலில் புயல் வேகம் உள்ளவன் பள்ளிவாசல் தெருவில் இருக்கிறான். மூவரும் சேர்ந்தால் உளுந்தூர்பேட்டையில் ஜெயிக்கலாம். சேராவிட்டால் முதல் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பலாம்.

அப்போது மேலத் தெருப் பெரியவரே காலனிக்கு ஆள் அனுப்புவார். “அந்தத் தம்பியைக் கூப்பிடு. அவன் இல்லாமல் நம்ம ஊர் ஜெயிக்காது” என்பார். ஊர் மானம் என்ற ஒன்று வந்துவிட்டால் தெரு மானம் கொஞ்சம் பின்னால் போய் நிற்கும்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. பல தலைமுறையாக இருக்கும் நோய் ஒரு பந்தால் தீராது. ஆனால், பதினொரு பேர் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பானைத் தண்ணீரைக் குடித்து, ஒரே பெயருக்காக ஆடினால், அது வீணாகப் போகாது. 1911-ல் வெறுங்கால் பத்துப் பேரும் பூட்ஸ் போட்ட ஒருவரும் சேர்ந்துதான் ஜெயித்தார்கள்.

கீழே நிற்கும் கோப்பை தெருவை வளர்க்கும். மேலே ஏறும் கோப்பை ஊரை வளர்க்கும்.

மாலை நேரம் யாருக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. படிப்பு முடிந்து, நிலையான வேலை கிடைக்காமல், கிடைத்த வேலைக்குப் போய்வரும் வாலிபனுக்கு மாலை நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அவன் குடும்பம் நிற்கும், அல்லது விழும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தாலியை இழந்தவர்கள் எத்தனை பேர்! தகப்பனை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கால்பந்து இருந்தால் இது நடந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. சாராயத்தை ஒழிப்பது சட்டத்தின் வேலை. வறுமையை ஒழிப்பது அரசின் வேலை. ஆனால், மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் தன்னை எதிர்பார்த்துப் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்த பையனுக்கு, வேறு இடத்துக்குப் போகக் கால் கொஞ்சம் தயங்கும். ஞாயிற்றுக்கிழமை தாலுகாப் பந்தயம் என்றால், சனிக்கிழமை இரவு அவன் சீக்கிரம் தூங்குவான். அவனைப் பெற்றவளுக்கு அந்த ஒரு இரவு நிம்மதி.

பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும்

கோப்பை என்றதும் பையன்களை மட்டும் நினைக்கக்கூடாது.

பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து பிரிந்தவைதான் இன்றைய கடலூரும் விழுப்புரமும். விழுப்புரத்திலிருந்து 2019-ல் பிரிந்தது கள்ளக்குறிச்சி. ஆகவே கடலூர் பக்கத்து வீடு மாதிரி. அந்தக் கடலூரிலிருந்து வந்தவர்தான் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்காக ஆடிய வீராங்கனை. பெண்களுக்கான தேசியக் கால்பந்துச் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து வாங்கியது. 2023-ல் அரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வாங்கியது. இரண்டு தடவையும் இறுதிப் பந்தயத்தில் 2-1. மதுரை சேது கிளப் 2019-ல் இந்தியப் பெண்கள் லீகையே ஜெயித்தது.

ஆண்களுக்கான சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு ஒரு தடவைகூட வாங்கியதில்லை. பெண்கள் இரண்டு தடவை நாட்டை ஜெயித்துவிட்டார்கள்! ஊர்க் கோப்பை வைத்தால் பெண்களுக்கும் ஒரு கோப்பை வைக்கவேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் தயங்குவார்கள் என்றால், முதல் சுற்றுகளைப் பள்ளி மைதானத்திலேயே பகல் நேரத்தில் நடத்தலாம். தாய்மார்களும் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தாலுகாவில் எட்டு ஊர்க் கோஷ்டிகள் சேர்ந்தால், மூன்று ஞாயிற்றுக்கிழமையில் தாலுகாச் சாம்பியன் யார் என்று தெரிந்துவிடும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன்மலை என்று இருக்கும் தாலுகாக்கள் எட்டுக்கும் குறைவு. ஆகவே இன்னும் மூன்று ஞாயிறு போதும், மாவட்டச் சாம்பியன் வந்துவிடும். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். 37 பந்தயங்கள் நடத்தினால் மாநிலச் சாம்பியன் தெரிந்துவிடும். ஆறு சுற்றில் அது முடியும்.

மூன்றும் மூன்றும் ஆறும் பன்னிரண்டு. தை மாதம் தொடங்கினால் பங்குனிக்குள் முடித்துவிடலாம். மழைக்காலம் போயிருக்கும். கடுங்கோடை வந்திருக்காது. வேலைநாள் கெடாது. கல்வராயன் மலைப் பையன்களும் கடற்கரைக் குப்பத்துப் பையன்களும் ஒரே மைதானத்தில் சந்திக்கும் நாள் வரும். பிறகு 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் ஆளுக்கு ஒரு கோஷ்டியை அனுப்பினால், 35 பந்தயங்களில் நாட்டுக் கோப்பையும் முடிந்துவிடும்.

பணம் என்ன ஆகும்? கால்பந்தைப் போலச் செலவு குறைந்த ஆட்டம் கிடையாது. ஒரே பந்தில் 22 பேர் ஆடலாம். பெரிய செலவு பஸ் கட்டணம்தான். அதனால்தான் இத்தாலிக்காரர்கள் முதல் சுற்றுகளைப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டும் கோஷ்டிக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் அரசு கொடுக்கட்டும். அதுவரை ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். திருவிழாவுக்குக் கொடுக்கும் கை இதற்கும் கொடுக்கும்.

சண்டை வருமே என்றால், அதற்கும் வழி உண்டு. நடுவர் இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்கவேண்டும். இறுதிப் பந்தயம் பொது மைதானத்தில் நடக்கவேண்டும். நடுவர் மேல் கை வைக்கும் கோஷ்டிக்கு அடுத்த ஆண்டு இடமில்லை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

ஒரே ஒரு பந்தயத்தில் தோற்று, செலவழித்த பணத்தோடு வீடு திரும்பினால் பையன்கள் மனம் உடைந்துபோகாதா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இத்தாலியில் செய்வதுபோல் முதல் சுற்றில் மூன்று மூன்று கோஷ்டிகளைச் சேர்த்து ஆடவிடலாம். எல்லாருக்கும் இரண்டு பந்தயமாவது கிடைக்கும்.

எல்லாரும் கிரிக்கெட் ஆடுகிறார்களே, கால்பந்துக்கு யார் வருவார்கள் என்பது கடைசிக் கேள்வி. கிரிக்கெட் ஆடட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? போகும் வழி ஒன்று திறந்திருந்தால் அந்த வழியே ஜனங்கள் போவார்கள்.

யார் செய்ய வேண்டும்?

தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் இருக்கிறது. அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. மாவட்டம்தோறும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளி மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கின்றன. இவர்களையெல்லாம் ஒரு கயிற்றில் கோக்க வேண்டியதுதான் பாக்கி.

சட்டதிட்டம் நிறைய வேண்டாம். ஊருக்கு ஒரே கோஷ்டி. எல்லாத் தெருவுக்கும் அதில் இடம். பதிவுக் கட்டணம் பையன்களால் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கிளப்புக்கு ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு பொருளாளரும் வேண்டும். மாநிலக் கோப்பையை ஜெயிக்கும் ஊர் கிளப்புக்கு, மறு ஆண்டு மாநில லீகில் செலவில்லாமல் ஓர் இடம் கொடுக்கவேண்டும். அந்தக் கடைசி விதிதான் முக்கியம். அது இல்லாவிட்டால், இதுவும் அலமாரிக் கோப்பையாகிவிடும்.

கணக்குப் புத்தகம் எதற்கு என்று நினைக்கவேண்டாம். நல்ல ஆட்டக்காரன் கல்யாணமாகி வெளியூர் போய்விடுவான். வேலை கிடைத்துத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். கிளப் போகாது. மூத்தவன் இளையவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் போவான். வாடோவில் 1913-ல் தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. கிளப் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களும் வரும் தையில் ஒன்று செய்யலாம். அரசு உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தெருக் கோஷ்டிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாத் தெருவிலிருந்தும் பொறுக்கி, ஊர்ப் பெயரில் ஒரு கோஷ்டி கட்டட்டும். பக்கத்து ஐந்தாறு ஊர்களுக்கு அழைப்பு அனுப்பட்டும். ஒரு தாலுகா தொடங்கினால் அடுத்த தாலுகா சும்மா இருக்காது. தாலுகாக்கள் தயாராகிவிட்டால் மாவட்டம் தட்டிக்கழிக்க முடியாது.

எலவனாசூர்கோட்டைக்கு இறையானரையூர் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் ஒருநாள் கோப்பையிலும் ஏறட்டுமே!